அமுதாவுக்கு ஏன் ஒன்பது வயது வரை சொல்லவில்லை?

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. கிண்டி ஆபீஸில் காலை ஸ்டாண்ட்அப் மீட்டிங் நடந்துகொண்டிருந்தபோது மகளின் பள்ளியிலிருந்து போன் வந்தது. ஒன்றாம் வகுப்பு சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. “சார், பயப்படாதீங்க, பாப்பா நல்லாத்தான் இருக்கா. சாயங்காலம் நீங்களும் மேடமும் ஒரு அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போக முடியுமா?” என்றார் மிஸ். இந்த ‘பயப்படாதீங்க’வைக் கேட்டு பயப்படாத பெற்றோர் யாராவது இருக்கிறார்களா என்ன.

நடந்தது இதுதான். அம்மாவைப் பற்றி நான்கு வரி பேச ஒவ்வொரு குழந்தைக்கும் பயிற்சி. மிஸ் எழுதிக் கொடுத்த முதல் வரியிலேயே பத்து மாதம் சுமந்தவள் வந்துவிடுகிறாள். என் மகள் எழுந்து, “மிஸ், என்னை எங்கம்மா சுமக்கல. கார்ல கூட்டிட்டு வந்தாங்க. நான் வேற ஒரு அம்மா வயித்துல இருந்தேன்” என்றிருக்கிறாள். சொன்ன தகவல் மொத்தமும் சரி. பின் பெஞ்சுப் பையன் ஒருவன் “அப்ப அவங்க உன் அம்மாவே இல்ல” என்றிருக்கிறான். அவன் மீது ஒரு வாட்டர் பாட்டில் பறந்தது.

“அடிச்சதுக்காகக் கூப்பிடல சார், சின்னப் பிள்ளைங்க, அடிச்சுக்கும் சேர்ந்துக்கும்” என்றார் மிஸ். நல்ல மனுஷி. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “இவ்ளோ சின்ன வயசுல ஏன் சார் சொன்னீங்க? கொஞ்சம் பெருசானதும் சொல்லியிருக்கலாமே. அந்தப் படத்துல கூட ஒன்பது வயசுலதானே சொல்வாங்க?”

எந்தப் படம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தமிழில் தத்தெடுப்பு என்றால் ஒரே படம்தான். 2002 பிப்ரவரி 14 அன்று வெளியான ‘கன்னத்தில் முத்தமிட்டால்’. மணிரத்னத்தின் ஒரு படம், இருபத்து மூன்று வருஷம் கழித்து, திருவொற்றியூரில் ஒரு ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குக் குழந்தை வளர்ப்புக் கையேடாக இருக்கிறது. ஒரு கலைப்படைப்பின் செல்வாக்குக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அந்த வாரம் முழுக்க விம்கோ நகர் மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் படத்தைத் துண்டு துண்டாக மறுபடி பார்த்தேன். தண்டையார்பேட்டையில் ரயில் தரைக்கடியில் இறங்கும் இடத்தில் ஒரு நாள் சிம்ரன் முகம் உறைந்து நின்றுவிட்டது. அந்த முகத்தை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்தான் இந்தக் கட்டுரை தொடங்கியது.

கதை எல்லோருக்கும் தெரியும். மாங்குளத்து ஷியாமா கர்ப்பிணியாகப் படகேறி ராமேஸ்வரம் வருகிறாள். அகதி முகாமில் குழந்தையைப் பெற்று, விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறாள். எழுத்தாளன் திருச்செல்வனும் இந்திராவும் அந்தக் குழந்தையை எடுத்து வளர்க்கிறார்கள். அவள்தான் அமுதா. ஒன்பதாவது பிறந்தநாளில் அவளுக்கு உண்மை சொல்லப்படுகிறது. அதன்பின் படம் முழுக்க அவளுடைய கேள்விதான்.

முதலில் படத்தின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பெரிய பெருமை. அதுவரை நம் சினிமாவில் வளர்ப்புக் குழந்தை என்பது ஒரு நன்றிக்கடன். கடைசி ரீலில் உண்மை தெரியும், குழந்தை வளர்த்தவர் காலில் விழும், பெற்றவர் கண்ணீரோடு ஒதுங்குவார். அமுதா யார் காலிலும் விழவில்லை. கோபப்படுகிறாள். வீட்டை விட்டு ராமேஸ்வரத்துக்கு ஓடுகிறாள். அம்மாவின் நெஞ்சில் குத்துகிற மாதிரி பேசுகிறாள். பி.எஸ். கீர்த்தனாவுக்கு அந்த வருடத்தின் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது கிடைத்தது நியாயம். தத்தெடுக்கப்பட்ட குழந்தைக்கு நன்றி சொல்லும் கடமை கிடையாது என்பதைத் தமிழில் முதலில் எனக்குக் காட்டியவள் அந்தச் சிறுமிதான். இன்னொன்று, இந்திராவின் பயம். குழந்தை தன் பெற்ற தாயைத் தேடும்போது வளர்த்தவளுக்கு வயிற்றில் ஏற்படும் குளிரை சிம்ரன் வசனம் இல்லாமலேயே காட்டுகிறார். நான் உறைந்து பார்த்த முகம் அதுதான்.

ஆனால் மிஸ் கேட்ட கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால் படத்தின் அடித்தளத்தில் ஒரு விரிசல் தெரிகிறது. ஏன் ஒன்பது வயது? அதற்கான காரணம் அமுதாவிடம் இல்லை, திரைக்கதையிடம் இருக்கிறது. ஒரு நடிகையால் சுமக்கக்கூடிய வயது, தனியாக ரயிலேறக்கூடிய வயது, கேள்வியைக் கோர்வையாகக் கேட்கக்கூடிய வயது. மூன்று வயதில் சொல்லியிருந்தால் படம் இல்லை. தூங்கும்முன் கேட்ட கதையாக, பல்தேய்ப்பு மாதிரி ஒரு பழக்கமாக அது அவளுக்குள் போயிருக்கும். அதை எங்கே வைத்து இடைவேளை விடுவது?

படம் உண்மையை ஒரு சம்பவமாக ஆக்குகிறது. நாள் குறித்து, பிறந்தநாள் என்று முடிவு செய்து, கடற்கரையில் உட்காரவைத்துச் சொல்கிறார்கள். சொல்வதற்கு முன்னால் ஒரு அமுதா, சொன்னபின் வேறொரு அமுதா. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு குழி. படத்தின் மீதிப் பகுதி முழுக்க அந்தக் குழியைத் தாண்டும் முயற்சி. குழி எப்படி வந்தது என்று மட்டும் படம் ஒருமுறைகூடக் கேட்பதில்லை. அவள் அழுவது தான் தத்துப்பிள்ளை என்பதற்காக என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மறுபடி பார்க்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்பது வருஷம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது என்பதற்காகத்தான் அவள் அழுகிறாள். தாத்தாவுக்குத் தெரியும், உறவுக்காரர்களுக்குத் தெரியும். குழந்தைகளுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. பெரியவர்களுக்கும்தான், ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்த ரீஆர்க் செய்தி நமக்குக் கடைசியாக வரும்போது வலிப்பது செய்தியா, கடைசியாக வந்தது என்பதா?

எங்களுக்கு 2018-இல் பதிவு செய்தபின் ஏறக்குறைய மூன்று வருஷக் காத்திருப்பு. மத்திய தத்துவள ஆணையத்தின் இணையதளத்தில் ஒருநாள் ஒரு புகைப்படமும் மருத்துவ அறிக்கையும் வந்தன. 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் 48 நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கும் முன்பு, வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத வந்த சமூகப் பணியாளர் எங்கள் சம்பளத்தையும் பாத்ரூமையும் பார்த்து முடித்துவிட்டுக் கேட்ட கேள்வி: “எப்போ சொல்லப் போறீங்க?” என் மனைவி, “எப்போ சொல்லணும் மேடம்?” என்றாள். “அவளுக்குப் புரியறதுக்கு முன்னாடியே” என்றார் அவர். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. புரியாத குழந்தைக்குச் சொல்லி என்ன பயன் என்று நினைத்தேன்.

2021-இல் அவள் வந்தாள். கோவிட் காலம். இல்லத்தில் நாங்களும் முகக்கவசம், அவளைத் தூக்கி வைத்திருந்த ஆயாம்மாவும் முகக்கவசம். பதினான்கு மாதக் குழந்தை எங்கள் கண்களை மட்டும் பார்த்தது. வண்டியில் ஏறியபின் என் மனைவி முகக்கவசத்தைக் கழற்றினாள். குழந்தை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது. இந்தக் கதையை அன்றிலிருந்து சொல்லிவருகிறோம். “மாஸ்க் கதை சொல்லுப்பா” என்று அவளே கேட்பாள். மூக்கைப் பிடிக்கும் இடம் வரும்போது அவளே எழுந்து அம்மாவின் மூக்கை இழுப்பாள். அவளுக்கு அது சிண்ட்ரெல்லா மாதிரி ஒரு கதை. அவள் எப்படி அந்த இல்லத்துக்கு வந்தாள் என்பது பற்றி எங்களுக்குத் தெரிந்தது சில வரிகள் உண்டு. அவற்றை இங்கே எழுத மாட்டேன். அவை என்னுடையவை இல்லை.

இதைச் சொல்லும்போது திருச்செல்வன் மீது எனக்குள்ள இன்னொரு புகாரையும் சொல்ல வேண்டும். அந்தக் குழந்தை முதலில் அவனுக்குக் கதையாகத்தான் கிடைக்கிறது. எழுத்தாளன் ஒருவன் ஒரு கைக்குழந்தையிடம் கதையைப் பார்க்கிறான், அதைப் படித்து இந்திரா உருகுகிறாள், கல்யாணம் நடக்கிறது. அமுதாவின் கதை அமுதாவுக்கு வந்துசேர்வதற்கு ஒன்பது வருஷம் முன்பே அது ஒரு இலக்கியப் பண்டமாகிவிட்டது. படம் இதில் எந்தச் சங்கடத்தையும் பார்க்கவில்லை. அழகு என்றே பார்க்கிறது. எழுதுகிற அப்பா என்ற முறையில் எனக்கு அந்த இடத்தில் கன்னம் சுடுகிறது. இந்தக் கட்டுரையும் அதே வேலையைத்தானே செய்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவுக்கு ஆமாம். பள்ளி அளவில் ஏற்கெனவே பரவிவிட்டதை மட்டும்தான் எழுதுகிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

சட்ட விஷயத்தில் படம் சொல்வதைவிட சொல்லாததுதான் சுவாரசியம். திருமணம் ஆகாதவன் என்பதால் திருச்செல்வனுக்குக் குழந்தை மறுக்கப்படுகிறது, அதற்காகவே கல்யாணம். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, ஆண் ஒருவர் பெண் குழந்தையைத் தத்தெடுக்க 21 வயது வித்தியாசம் வேண்டும். இன்றைய சிறார் நீதிச் சட்டத்தில் தனி ஆணுக்குப் பெண் குழந்தை கிடையவே கிடையாது. சரி, கல்யாணம் ஆனபின்? அந்தக் காலத்துச் சட்டத்தில் தத்தெடுப்பவன் கணவன்தான். மனைவி சம்மதம் தருபவள். திருமணமான இந்துப் பெண் தன் பெயரில் தத்தெடுக்க முடியும் என்று சட்டம் மாறியது 2010-இல். யோசித்துப் பாருங்கள். படம் முழுக்க ‘நான் உன் அம்மா’ என்று நிரூபிக்கப் போராடுகிற இந்திரா, காகிதத்தில் வெறும் சம்மதக் கையெழுத்து.

ஷியாமாவுடனான கடைசிச் சந்திப்பு பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அமுதா கேள்விகளோடு வருகிறாள், ஷியாமாவிடம் பதில் இல்லை, போர் குறுக்கே வருகிறது, மழை பெய்கிறது. படம் வெளியான எட்டாவது நாள், பிப்ரவரி 22 அன்று, இலங்கையில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது; அன்றைக்குத் தியேட்டரில் இருந்தவர்களுக்கு ஷியாமாவின் நம்பிக்கை வேறு மாதிரி கேட்டிருக்கும். எனக்கு அந்தக் காட்சியில் பிடித்தது பதில் இல்லை என்பதுதான். நிஜத்தில் பெரும்பாலான அமுதாக்களுக்கு அந்தச் சந்திப்பே கிடையாது. குழந்தையை ஒப்படைக்கும் தாய்க்கு மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. அதன்பின் கதவு மூடிவிடும். வளர்ந்த பிள்ளை தன் வேர்களைத் தேட விண்ணப்பிக்கலாம், பதினெட்டு வயதுக்குள் என்றால் வளர்ப்புப் பெற்றோரோடு சேர்ந்து. ஆனால் பெற்றவரின் அந்தரங்கத்தை மீறி எதுவும் வெளிவராது. விட்டுச்செல்லப்பட்ட குழந்தை என்றால் தேடுவதற்குக் காகிதமே இருக்காது. படம் கேள்விக்கு ஒரு முகத்தைத் தருகிறது. நந்திதா தாஸின் முகம். அது கொடை. எல்லோருக்கும் கிடைக்காது.

படத்தின் பாட்டுத் தலைப்பிலேயே தெய்வம் தந்த பூ என்று வருகிறது. வைரமுத்துவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எங்கள் தெருவே அதைத்தான் சொல்கிறது. “சாமி குடுத்த குழந்தை தம்பி”, “பெரிய புண்ணியம் பண்ணிட்டீங்க.” கேட்கும்போது இனிக்கும். ஆனால் தெய்வம் தந்த குழந்தை வாட்டர் பாட்டிலைத் தூக்கி அடிக்கக் கூடாது, கணக்கில் மக்காக இருக்கக் கூடாது. அடித்துவிட்டால் உடனே வேறொரு குரல் வரும்: “என்ன ரத்தமோ!” பூவுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் சும்மா ஒரு குழந்தையாக இருப்பதற்கு அவளுக்கு இடமில்லை.

இது சினிமா கண்டுபிடித்தது இல்லை. ஆதாரம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு அந்தப் பக்கம், கடலோரத்தில், பட்டினத்தார் சமாதி. என் அப்பா ஹார்பரில் விஞ்ச் ஓட்டியவர். நைட் ஷிப்ட் முடிந்து வந்தபின் என்னை சைக்கிளில் அங்கே கூட்டிப்போவார். பட்டினத்தார் என்றால் எல்லோருக்கும் தாய்க்குக் கொள்ளி வைக்கும்போது பாடியதாகச் சொல்லப்படும் பாடல்கள்தான் ஞாபகம் வரும். தமிழில் பெற்ற வயிற்றின் மகிமைக்கு அதற்கு மேல் ஒரு வாக்குமூலம் இல்லை. மிஸ் எழுதிக் கொடுத்த அந்த முதல் வரியின் பூர்வீகம் இங்கேதான், இந்த மணலில்தான். 1962-இல் டி.எம். சௌந்தரராஜன் பட்டினத்தாராகவே நடித்தபின் கேட்கவா வேண்டும்.

நாம் மறந்துவிடுவது, அதே பட்டினத்தார் கதைப்படி ஒரு வளர்ப்பு அப்பா. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் திருவெண்காடருக்குக் குழந்தை இல்லை. திருவிடைமருதூரில் ஏழை ஒருவருக்குக் கோயிலில் ஒரு குழந்தை கிடைக்கிறது. எடைக்கு எடை பொன் வாங்கிக்கொண்டு அவர் அதைத் திருவெண்காடரிடம் கொடுக்கிறார். மருதவாணன் என்று பெயர். வளர்ந்து கடல் வணிகம் போய் வரட்டி மூட்டைகளோடு திரும்புகிறான். அப்பாவுக்குக் கோபம். பையன் ஒரு பெட்டியை விட்டுவிட்டு மறைந்துபோகிறான். உள்ளே காது இல்லாத ஊசி. அப்பா துறவியாகிறார். பையன் சிவபெருமானே என்று முடிகிறது கதை.

சின்ன வயதில் இதைக் கேட்டபோது ஊசிதான் மனதில் நின்றது. இப்போது பையன் நிற்கிறான். மொத்தக் கதையிலும் அவன் ஒரு பிள்ளையாக இருந்த நாள் எது? காய்ச்சல் வந்ததா, பள்ளிக்குப் போக அழுதானா? விலைக்கு வருகிறான், அப்பாவுக்குப் பாடம் சொல்கிறான், காணாமல் போகிறான். தத்துப்பிள்ளை ஒரு தூதன். செய்தி சொன்னதும் வேலை முடிந்தது. அமுதா அப்படி மறைந்துபோகவில்லை, திரும்பி வருகிறாள். மணிரத்னம் மருதவாணனிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டார். இருந்தாலும் அவளும் ஒரு பெரிய செய்தியை, ஈழப் போரையே, சுமந்துகொண்டுதான் வீட்டுக்குள் வருகிறாள். ஒரு சாதாரண ஹோம்வொர்க் நாளைச் சுமக்க நம் கதைகளில் தத்துப்பிள்ளைக்கு அனுமதி கிடைப்பதில்லை.

இங்கே என் தப்பைச் சொல்ல வேண்டும். மிஸ்ஸைப் பார்த்துவிட்டு மூன்று பேரும் பைக்கில் திரும்பினோம். தேரடி சிக்னலில் நிற்கும்போது, முன்னால் டேங்கில் உட்கார்ந்திருந்தவளிடம் குனிந்து சொன்னேன்: “பாப்பா, இனிமே மாஸ்க் கதையை ஸ்கூல்ல சொல்ல வேணாம்டா. நம்ம வீட்டுக்குள்ள மட்டும்.”

“ஏன்ப்பா? அது தப்புக் கதையா?”

“தப்பில்ல. ஆனா...”

அந்த ‘ஆனா’வை முடிக்க எனக்குத் தெரியவில்லை. சிக்னல் விழுந்தது, பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். நாலரை வருஷமாக ரகசியமே இல்லாமல் வளர்த்த ஒன்றை ஒரு சிக்னலில் ரகசியமாக்கினேன். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் பள்ளி வாசலில் என்னைப் பார்க்கும் மற்ற பெற்றோர்களின் கண்களிலிருந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி எதுவும் பேசவில்லை. இரவு, குழந்தை தூங்கியபின், “அந்தப் படத்தைத் திட்டிக்கிட்டே அதையேதான்பா நீயும் பண்ற” என்றாள். அன்று மகள் மாஸ்க் கதை கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நானே ஆரம்பித்தபோது, “அம்மா கதவைச் சாத்து” என்றாள்.

இந்த நாட்களில்தான் சுந்தரர் பக்கம் போனேன். பக்தியினால் இல்லை. திருவொற்றியூர்க்காரர்களுக்கு அவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. சங்கிலியாரைக் கட்டிக்கொண்டு, ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து, மீறி, கண்பார்வை இழந்தவர். மகிழடி சேவை என்று இன்றும் கோயிலில் அதற்குத் திருவிழா உண்டு. ஆயா தோளில் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் இரண்டு கல்யாணக் கதை தெரியும். எனக்கு இப்போது வேறு இரண்டு விஷயம் கண்ணில் பட்டது.

ஒன்று, சுந்தரரே தத்துப்பிள்ளை. திருநாவலூர்த் தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய குழந்தையைப் பார்த்து ஆசைப்பட்டு, நரசிங்க முனையரையர் என்ற சிற்றரசர் பெற்றோரிடம் கேட்டு வாங்கி வளர்க்கிறார். பெரிய புராணத்தில் அதை மறைக்கவோ வெளிப்படுத்தவோ ஒரு காட்சி கிடையாது. எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு, திருநாட்டியத்தான்குடியில் கோட்புலியார் தன் இரு பெண்கள் சிங்கடியையும் வனப்பகையையும் அவருக்கு அடிமையாகக் கொடுக்க, சுந்தரர் அவர்களை மகள்களாக ஏற்றுக்கொள்கிறார். அதன்பின் தன் பதிகங்களின் முடிவில், பாடியவர் பெயர் சொல்லும் இடத்தில், சிங்கடியப்பன் என்றும் வனப்பகையப்பன் என்றும் போடுகிறார். விளக்கம் இல்லை, உருக்கம் இல்லை. கையெழுத்து போடும் இடத்தில் கையெழுத்து.

இதைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. அரசன் கேட்டால் எந்தப் பெற்றோர் மறுப்பார்கள்? பெண்களை ‘அடிமையாக’ நீட்டுகிற கை எப்படிப்பட்ட கை? சிங்கடியும் வனப்பகையும் என்ன நினைத்தார்கள் என்பது ஒரு வரி கூட இல்லை. அதெல்லாம் சரி. ஆனாலும் திருத்தொண்டத்தொகையை எடுத்துப் பாருங்கள். சுந்தரரே போட்ட அடியார் பட்டியல். அதில் பெற்ற அப்பா சடையனார் இருக்கிறார், பெற்ற அம்மா இசைஞானியார் இருக்கிறார், வளர்த்த நரசிங்க முனையரையர் இருக்கிறார், மகள்களைத் தந்த கோட்புலியும் இருக்கிறார். நால்வருமே அறுபத்து மூவரில் அடக்கம். ஒருவரைச் சேர்க்க இன்னொருவரை அழிக்க வேண்டியிருக்கவில்லை. டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவனுக்கு இது உடனே புரியும்: ‘அப்பா’ என்ற இடத்தில் ஒரே ஒரு மதிப்புதான் வரலாம் என்று டேபிளை வடிவமைத்தது யார்? பள்ளிப் படிவம் அப்படித்தான் கேட்கிறது, சினிமா க்ளைமாக்ஸும் அப்படித்தான் கேட்கிறது. பெற்றவளா வளர்த்தவளா? ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ கடைசி முத்தத்தை இந்திராவுக்குக் கொடுத்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறது. நான் தியேட்டரில் அழுதிருக்கிறேன். மெட்ரோவிலும் கொஞ்சம் கண் கலங்கியது. ஆனால் அந்தப் போட்டியை அமுதா கேட்கவேயில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. அவள் கேட்டது ஏன் என்று மட்டும்தான்.

தலைப்பு பாரதியின் கண்ணம்மா பாட்டிலிருந்து வருகிறது. அதில் இருப்பதெல்லாம் ஓடி வருவதும் ஆடுவதும் முத்தமும்தான். யார் பெற்றது என்ற பேச்சே கிடையாது. அந்தத் தலைப்புக்கேற்ற படத்தை யாராவது இனிமேல்தான் எடுக்க வேண்டும்: தத்தெடுத்த குழந்தை இருக்கும், தெரியும் எல்லோருக்கும், கதை வேறு எதைப் பற்றியோ இருக்கும்.

ஆகஸ்டில் ‘என் குடும்ப மரம்’ என்று ஒரு அச்சுத்தாள் வந்தது. கீழே குழந்தைக்கு ஒரு வட்டம், மேலே அம்மா அப்பாவுக்கு இரண்டு, அதற்கும் மேலே நான்கு. அதற்குள் நான் மகளிடம் மன்னிப்புக் கேட்டிருந்தேன். “அப்பா அன்னிக்கு சிக்னல்ல சொன்னது தப்பு. நீ யார்கிட்ட சொல்லணும்னு நினைக்கிறியோ சொல்லலாம். வேணாம்னா வேணாம்.” அவள் “சரி” என்று சொல்லிவிட்டு சாக்லேட் கேட்டாள். ஏற்றுக்கொண்டாளா தெரியவில்லை. ஹோம்வொர்க் செய்ய உட்கார்ந்தபோது என் மனைவி தாளை அவள் பக்கம் தள்ளிவிட்டு, “உனக்கு எத்தனை வட்டம் வேணுமோ போட்டுக்கோ” என்றாள்.

அவள் ஏழு வட்டங்களையும் நிரப்பினாள். ஆயாவுக்கு மூக்குத்தி வரைந்தாள், தாத்தாவுக்குக் கப்பல். பிறகு ஓரத்தில் இல்லத்து ஆயாம்மாவுக்கு ஒரு வட்டம். கொஞ்சம் யோசித்து, அம்மாவின் வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. உள்ளே ஒரு முகம், இரண்டு கண், அதற்குக் கீழே நீலக் க்ரேயானால் ஒரு பட்டை.

“இது யாரு பாப்பா?”

“வயித்து அம்மா. அவங்களும் மாஸ்க் போட்டிருக்காங்க.”

“பேர் எழுதணுமாம், கீழே கோடு போட்டிருக்கு பாரு” என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. என் மனைவி என்னைப் பார்த்தாள். மகள் அந்தக் கோட்டின் மேல், ஒன்றாம் வகுப்பு எழுத்தில், ரொம்ப நேரம் எடுத்து, ‘தெரியல’ என்று எழுதினாள். பிறகு தாளை என்னிடம் நீட்டினாள். அடியில் பெற்றோர் கையொப்பம் என்று இருந்தது. போட்டேன்.